ஏசி நிறுத்திய பத்து நிமிடம்

ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை, ஃபஹாஹீல், நாலாம் மாடி.
பத்து நிமிடம் ஏசியை நிறுத்தச் சம்மதம் வாங்க
சிக்கந்தருக்கு ஒரு பிரியாணி,
எரேமியாவுக்குப் பதிலாக ஒரு வாரம் பாத்திரம்.
விலை கொடுத்து வாங்கிய நிசப்தம்.

மேஜையில் இரண்டு ஜோடி.
வெள்ளி நிறத்தது என்னுடையது:
ஷட்டவுன் காலத்து ஓவர்டைம் இரண்டு மாதம்
சுண்டுவிரல் நுனியளவு சுருங்கிக் கிடக்கிறது.
கறுப்பு, கண்ட்ரோல் ரூம் ரோமெலிடம் இரவல்.
நாளைக் காலை ஷிப்டுக்குள்
குறும்பி துடைத்துத் திருப்ப வேண்டும்.

நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன்.
அடி, நடு, உச்சி, இடம்.
இடம் என்றால் பாடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்பது.
வெள்ளியில் நெற்றிக்கு முன்னால் நிற்கிறாள்,
மூச்சு இழுப்பது தெரிகிறது.
கறுப்பில் மூன்றடி தள்ளி,
அவளுக்குப் பின்னால் ஒரு சுவர் இருப்பதும் தெரிகிறது.
கடத்தின் வயிற்றை வெள்ளி கொழுக்க வைக்கிறது.
கறுப்பு அதைச் சுட்ட மண்ணாகவே விட்டுவிடுகிறது.
வயலினில் வில் திரும்பும் இடத்தில்
வெள்ளி எண்ணெய் போடும்,
கறுப்பு போடாது.

சத்தத்தைச் சமன் செய்துதான் கேட்கிறேன்.
ஒரு புள்ளி கூடினாலும்
அதுவே ஒசத்தி என்று நம்பிவிடும் காது.

மூன்றாம் நிமிடம் சட்டை நனைந்துவிட்டது.

உச்சிக் கட்டத்தில் எழுதினேன்:
கறுப்பு, சிம்பல் மங்கல்.
வெள்ளி, இதுவும் மங்கல். விலைக்குத் தகாது.
எட்டிப் பார்த்த சிக்கந்தர்
கறுப்பைப் பிடுங்கிச் செருகிக்கொண்டு கண்ணை மூடினான்.
'மங்கலா? யோவ்,
சல்லடையில மணல் சலிக்கிற மாதிரி இருக்கு,
ஒவ்வொரு பொடியும் தனித்தனியா.
ஒண்ணு அடங்குறதுக்குள்ள அடுத்தது விழுது.'

திரும்ப வாங்கிக் கேட்டேன்.
தட்டு அடிபடுகிறது. அவ்வளவுதான்.
மணல் இல்லை.

கருவி பார்ப்பது என் பிழைப்பு.
ஒரு மீட்டர் மேல் சந்தேகம் வந்தால்
பக்கத்து மீட்டரோடு மாற்றிப் பொருத்துவோம்.
பழுது கூடவே போனால் மீட்டர் பழுது.
போகாமல் அங்கேயே நின்றால் குழாயில் தேடு.
இடதை வலதில், வலதை இடதில் செருகினேன்.
வயலின் இந்தப் பக்கம் வந்தது,
கடம் அந்தப் பக்கம் போனது.
மங்கல் மட்டும்
எழுந்திருக்கவில்லை.
வலதில் கொஞ்சம், இடதில் முழுசாக.

கம்ப்ரஸர் என் இடது கைப்பக்கம். பதினோரு வருடம்.
வாக்கி டாக்கி கேட்க
அந்தப் பக்கத்துக் காதுமூடியைத்தான் தூக்கிவிடுவேன்.
வருடா வருடம் கிளினிக்கில் பெட்டிக்குள் உட்கார வைத்து
கேட்டால் பொத்தானை அழுத்து என்பார்கள்.
தாளில் ஒரு கோடு நேராகப் போய்
நாலாயிரத்தில் கிணற்றுக்குள் இறங்கி ஏறும்.
கீழே முத்திரை: வேலைக்குத் தகுதி.
முத்திரையை மட்டும்தான் வாசித்திருக்கிறேன்.

ஏழாம் நிமிடம் இரண்டையும் கழற்றினேன்.
ஏசி இல்லை, பாட்டு இல்லை,
இந்த வெயிலுக்குத் தெருவில் ஹாரன்கூட இல்லை.
அப்போது கேட்டது
ஈ என்று ஒரு கோடு,
ஊசி முனையில் நிறுத்தியது போல.
ஃபிரிட்ஜா என்று போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.
இன்னும் சுத்தமாகக் கேட்டது.

எரேமியா 'பத்து ஆச்சு' என்று ஏசியைப் போட்டான்.
ஆகவில்லை. நான் சண்டைக்குப் போகவில்லை.

மங்கல் இரண்டையும் அடித்துவிட்டு
சிக்கந்தர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
கறுப்பு, மணல்.
வெள்ளி, கொஞ்சம் நனைஞ்ச மணல்.
ரோமெலின் ஜோடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து
உறையில் போட்டேன்.

ராத்திரி வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தேன்.
ஏசிக்கு அடியில் எங்கோ
அது ஓடிக்கொண்டிருந்தது,
பேட்டரி கேட்காமல்.
அடி இல்லை, நடு இல்லை,
உச்சி மட்டும்.